தெருமுனை வரை ஒரு ரவுண்டு

தினமும் காலையில் லோடு ஆட்டோவில் தெருமுனை வரை ஒரு ரவுண்டு கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டால்தான், தீனதயாளனை அவனுடைய நாலு வயது மகள் வேலைக்கு விடுவாள். இன்று மார்கழிப் பனி கண்ணை மறைத்தது. அவள் எழுவதற்குள் கிளம்பிவிட்டான். சேந்தமங்கலம் சாலை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். சளி பிடித்தது போலக் கரகரக்கும் ஹாரன்.

கோழிப்பண்ணை வாசலெங்கும் ஈரம். அவன் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் மட்டும், ஆட்டோ அளவுக்குத் தரை காய்ந்திருந்தது.

முட்டை அடுக்கும் ஆத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "ஏஞ்சாமி, இப்பத்தான லோடு ஏத்திக்கிட்டுப் போன? மறுக்கா வந்து நிக்கற?"

"நானா? இப்பத்தானுங்க வாரேன்."

"அட, உன்ற ஹாரன் எனக்குத் தெரியாதா?"

போன் அடித்தது. மனைவி தனப்பிரியா.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்துட்டு எதுக்கு வண்டியிலயே உக்காந்திருக்கறீங்க? பனியில உங்க மூஞ்சியே தெரியல. பாப்பா ரவுண்டு போகோணும்னு ஓடியாந்துட்டா."

"பிரியா, நான் பண்ணையில இருக்கறேன். பாப்பாவப் புடி! ஏத்தி உடாத!"

"வெளையாடாதீங்க. அவ ஏறி உக்காந்தாச்சு" என்று சிரித்தாள்.

தீனதயாளன் தன் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தான். சாவி அவன் கையில்தான் இருந்தது. போனுக்குள் அந்தக் கரகரத்த ஹாரன் ஒருமுறை அடித்தது. மகள் கைதட்டுவது கேட்டது. ஆட்டோ சத்தம் தெருமுனைப் பக்கம் போனது. அங்கே திரும்ப வேண்டிய சத்தம், திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தது.