நீலத் தொப்பிக்காரர்

அவள் திரும்பவில்லை.

திரும்பினால் தேர்வு போச்சு.

பக்கத்தில் நின்று பஸ் நேர அட்டவணையைப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்த பெனிட்டா, உதடு அசையாமல் பேசினாள். பெரிய தூணுக்குப் பின்னால் ஒரு ஆள். நீலத் தொப்பி. அரை மணி நேரமாக ஒரே பக்கம் பார்க்கிறான்.

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கந்தான்டி. உன்னையேதான் பாக்கான்."

மாட்டுத்தாவணி பேருந்து நிலையம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

இந்தக் கூட்டத்துக்குள் அவர்கள் படிக்கும் துறை ஒருவனை நிறுத்தி வைத்திருக்கிறது. குண்டு வைக்க இடம் பார்க்க வந்தவனைப்போல அவன் நடிப்பான். தன்னைத் தேடுகிறவர்களை அவனும் தேடுவான். பயங்கரவாதத் தடுப்பில் முதுகலை படிக்கும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். கிட்டே போகக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேராசிரியருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பலாம்.

ஆள் மாறினால் செய்முறைத் தேர்வில் முட்டை.

பெனிட்டா வகுப்பில் படித்த வரிசையிலேயே ஒப்பித்தாள். முகத்தை மறைக்கிறான். இடம் மாறி மாறி நிற்கிறான். கடலை வாங்கினான், ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. பஸ் வந்தால் கிட்டே போகிறான், ஏறுவதில்லை. போனைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்க்கிறான், உடனே இறக்கிவிடுகிறான்.

"அஞ்சுக்கு அஞ்சு. அனுப்பட்டுமா?"

"இரு."

அவள் மிட்டாய்க் கடைக்குப் போனாள். அல்வா வாங்குகிறவளாகக் கண்ணாடி அலமாரியின் முன் குனிந்தாள். கண்ணாடியில் தூண் தெரிந்தது. தொப்பி தெரிந்தது. கிரிக்கெட் ஆடும் பையன்கள் போடுகிற தொப்பி.

அதற்கு அடியில் நரைத்த மீசை.

அப்பா.

பேன்ட் போட்ட அப்பா. அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை. வேட்டியில் வந்தால் நடையை வைத்தே மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று யோசித்திருக்கிறார். யாரிடம் இரவல் வாங்கினாரோ, இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே உளவு பார்க்கிறார்.

கடைக்காரர் காலா, அரையா என்று கேட்டார். அவள் கண்ணாடியையே பார்த்தாள்.

ஒரு வருஷமாக அப்பா அவளோடு பேசுவதில்லை. இதைப் படித்து நீ யாரைப் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டதுதான் கடைசி. பொங்கலுக்குக் கோவில்பட்டி வீட்டுக்குப் போனபோதுகூட, எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாச் சேதியும் அம்மா வழியாகத்தான் வந்தது. அவளைச் சாப்பிடச் சொல்லு. அவளைச் சீக்கிரம் படுக்கச் சொல்லு.

இன்று காலையில் அம்மா போன் செய்தாள். அப்பா சாத்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார் என்றாள். தேர்வு எந்த இடத்தில் என்பதை மட்டும் நேற்றே விலாவாரியாகக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

பிடித்தால்? மாட்டிக்கொண்ட வெட்கத்தில் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இன்னும் ஒரு வருஷத்துக்கு அம்மா வழியாகத்தான் சோறு.

அவள் கடையைவிட்டு வெளியே வந்தாள். தூண் மறைக்காத இடமாக, நல்ல வெளிச்சமாகப் பார்த்து நின்றாள். முதுகை நிமிர்த்தினாள். முகம் தெரியும்படி கூந்தலை ஒதுக்கிவிட்டாள்.

பார்க்கட்டும். ஆசை தீரப் பார்க்கட்டும்.

பெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. "கல்யாணப் பொண்ணு மாதிரி நடுவுல வந்து நிக்க. நேரம் முடியப் போகுதுடி. தொப்பிக்காரன்னு அனுப்பிருதேன்."

"வேண்டாம். அது எங்கப்பா."

பெனிட்டா அட்டவணைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

திரையில் அப்பா.

அவள் எடுத்தாள்.

"தாயி" என்றார். குரலில் பதற்றம். "டீக்கடை ஓரமா ஒருத்தன் மஞ்சப் பையோட நிக்கான் பாரு. அவன் சரியில்ல. நீ போற பக்கமெல்லாம் அவன் கண்ணும் கூடவே வருது. தனியா நிக்காத. கூட்டத்துக்குள்ள போயிரு."

அவள் டீக்கடையைப் பார்த்தாள். மஞ்சள் பை. ஆறிப்போன டீ. அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது. கண்ணும் கரித்தது.

"நீங்க எங்க இருக்கீங்கப்பா?"

யோசிக்கிறார்.

"வீட்லதான்."

போனுக்குள் ஒரு நடத்துநர் தொண்டை கிழியக் கத்தினார்: கோவில்பட்டி, கோவில்பட்டி. அதே குரல் அவளுடைய இன்னொரு காதிலும் விழுந்தது.

பெனிட்டா கையைச் சுரண்டினாள். என்ன என்று கண்ணால் கேட்டாள்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "பொதுமக்கள்ல ஒருத்தர் தகவல் குடுத்திருக்காரு. டீக்கடை, மஞ்சப் பை. அனுப்பு."

பெனிட்டா அனுப்பினாள். பதில் வந்ததும் இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். அட்டவணை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் மிரண்டு விலகினார்.

கோவில்பட்டி பஸ் கிளம்பி, வளைந்து, வாசலைத் தாண்டிப் போனது. நீலத் தொப்பி தூணுக்குப் பின்னாலேயே நின்றது.

அவள் போனை வைக்கவில்லை.

அவரும் வைக்கவில்லை.