கையை விரித்தவர்கள்

அந்தப் பெண் இருபது நிமிஷமாக ஒரே படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். லட்சுமணனுக்குத் தலைகால் புரியவில்லை. மயூர் விஹார் தமிழர்கள் நடத்திய கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம்தான். இருந்து என்ன, காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வடை வரிசைக்குப் போய்விட்டார்கள்.

லட்சுமணன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு டில்லித் தெருவில் இறங்கிவிடுவார். இருபத்தேழு வருஷமாகக் கறுப்பு வெள்ளைதான். கலர் ஃபிலிமெல்லாம் கல்யாண வீட்டுக்கு என்பது அவர் கட்சி.

படத்தில் புதுடில்லி ரயில் நிலையத்தின் வாசல், ஜனவரி மூடுபனி. சுவரோரமாக ஒரு கிழவர், கம்பளியும் குரங்குக் குல்லாவுமாக, ஒரு துணிப்பையைத் தலைக்கு வைத்துச் சரிந்து கிடக்கிறார். அவரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கால்கள். கீழே தலைப்பு: 'யாருக்கும் நேரமில்லை.'

"என்னம்மா, படம் புடிச்சிருக்கா?" என்று பக்கத்தில் போய் நின்றார்.

"இது பஹாட்கஞ்ச் பக்கத்து வாசல்தானே சார்? எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம் பத்தாம் தேதி. ஞாயித்துக்கிழமை."

அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அடடா, இதுவல்லவா ரசனை என்று லட்சுமணன் பூரித்துப்போனார்.

"இதாம்மா இன்னிக்கு வாழ்க்கை. எல்லாருக்கும் ஜல்தி. ஒரு மனுஷன் விழுந்து கெடக்கார், நின்னு பாக்க நாதியில்லை. ஈரமில்லாத ஊரு!"

"ஒருத்தர்கூடவா சார் கிட்ட போகல?"

யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்றுதான் அவர் காலையிலிருந்து காத்திருந்தார். ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அந்த ரோலின் முப்பத்தாறு படங்களும் தபால்தலை அளவில், எடுத்த வரிசைப்படி, நம்பரோடு இருந்தன. பூதக்கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்தார்.

"முழு ரோலும் இவர்தான். எதிர்த்தாப்புல டீக்கடை ஓரமா நின்னு, பெரிய லென்ஸ் போட்டு எடுத்தேன். ஒரு மணி நேரம்! கிட்டப் போனா படம் கெட்டுடும்."

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இங்க ஒருத்தர் குனிஞ்சு கேக்கறாரே?"

"ஒம்போதாவதா? அது ஸ்டேஷன் கூலி. பதினாலுல டீ விக்கறவன். இருபத்தொண்ணுல ஒரு சர்தார்ஜி. கிழவரும் என்னமோ சொல்றார். மூணு பேரும் கேட்ட மாதிரி கேட்டுட்டுக் கையை விரிச்சுட்டுப் போயிட்டாங்க. பாருங்க, இதோ கை. இதோ இன்னொரு கை."

"அவர் என்ன சொன்னார் சார்?"

"எனக்கெப்படித் தெரியும்? ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். உதடு அசைஞ்சுது, அவ்வளவுதான்."

"அப்புறம் என்ன ஆனார்?"

லட்சுமணனுக்கு லேசாகச் சுருக்கென்றது. "ரோல் முடிஞ்சுது. கெளம்பிட்டேன்."

அவள் கிழவரின் தலைமாட்டில் விரலை வைத்தாள். "இந்தப் பை என்ன நிறம் சார்?"

"நிறமா? கறுப்பு வெள்ளை எடுக்கறவன் கண்ணுக்கு நிறமே தெரியக் கூடாதும்மா. வெளிச்சம், நிழல், ரெண்டுதான். அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்." அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், அஜ்மீரி கேட் வாசல்ல நின்னேன் சார். எந்த வாசல்னு கடுதாசியில எழுதாம விட்டுட்டேன். எங்கப்பா முதல் தடவையா டில்லி வந்தார். மூணாம் நாள் ஆஸ்பத்திரிப் பிணவறையிலதான் பாத்தேன். ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பார்னாங்க."

ஒரு மணி நேரம் என்று தன் வாயாலேயே சொன்னது லட்சுமணன் காதில் கேட்டது. என்றாலும் மனுஷன் விடவில்லை.

"ஐயோ, பாவமே! அதைத்தாம்மா நானும் சொல்றேன். படுபாவிங்க, குனிஞ்சு கேட்ட மூணு பேர்ல ஒருத்தனாவது…"

அவள் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு துணிப்பையை எடுத்து அந்தத் தாளின் மேல் விரித்தாள்.

மஞ்சப்பை. ஸ்ரீமுஷ்ணத்து ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு எழுத்தில் கொட்டை கொட்டையாக அச்சாகியிருந்தது. டில்லியில் எந்தக் கும்பலில் மஞ்சப்பையைக் கண்டாலும், நம்ம ஊர் ஆள் என்று வலியப் போய்ப் பேசுகிறவர் லட்சுமணன்.

"அவங்களைத் திட்டாதீங்க சார்," என்றாள் அவள். "எங்கப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்."