மாலைக்கு மட்டும்

காலை வெயில் மண்டபத்தின் கண்ணாடிக் கதவில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. எத்தனை தேய்த்தும் போகாத நகக்கண் கறுப்பை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்தபடி மெக்கானிக் படியில் நிற்கிறார். இன்னும் சற்று நேரத்தில் உள்ளே கல்யாணம். மணப்பெண் அவருடைய ஒரே மகள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தை விட்டுப் போனவர் என்பதால், அவருக்கு வந்த அழைப்பிதழில் மாலை விருந்துக்கு மட்டும்தான் நேரம் போட்டிருக்கிறது. மனைவியின் தம்பி கதவை மறித்து நிற்கிறார். “மாமா, உங்களுக்கு சாயங்காலம்தானே சொல்லியிருக்கு?” “ஒரு ஓரமா நின்னுக்கறேன், மச்சான். யார் கண்ணுலயும் பட மாட்டேன். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.” அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நிற்கிறது. உடையின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி மகள் படியேறி வருகிறாள். அவரைக் கண்டதும் ஒரு கணம் கால் தயங்குகிறது. சின்ன வயதில் வாப்பா, போப்பா என்றே பேசியவள், “சாயங்காலம் அவசியம் வாங்க” என்று எல்லா விருந்தாளிகளிடமும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். பின்னாலேயே மைத்துனரும் போக, கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே இசை தொடங்குகிறது. தாமதமாக வந்த ஒரு தம்பதி மூச்சிரைக்கப் படியேறி, “நீங்க பொண்ணு வீடா? ஆரம்பிச்சிடுச்சா?” என்று கேட்கிறார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்து, அவர்களுக்காகக் கதவைத் திறந்து பிடிக்கிறார். “நான் பொண்ணோட அப்பாங்க. வாங்க, வாங்க. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க.”