காதுக்குள் காடு

அந்த மழலையர் பள்ளியில் வேலை கிடைக்க வேண்டுமானால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அவள் டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்பை டிவியோடு இணைத்தாள். கடைசி வரிசைக் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டாள். மார்க் போடப்போகிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

சர்க்கரையைக் காட்டினாள்.

"ஐ, கண்ணாடி மலை!"

"மிஸ், என் சட்டைய வைங்க!"

அதற்குள் ஒரு வாண்டு கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கண்ணாடிக்காரரின் காதில் வைத்துவிட்டான். டிவி முழுக்கக் கருகருவென்று முடி.

"மிஸ், அங்கிள் காதுக்குள்ள காடு!"

"புலி இருக்கா பாருடா!"

வகுப்பே உருண்டு சிரித்தது. வேலை போனது போனதுதான் என்று தெரிந்ததும் அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது.

"இருங்கடா, அந்தக் காதையும் பார்த்துடுவோம்!" என்றாள்.

மணி அடித்ததும் தலைமையாசிரியையிடம் போனாள். "சாரி மேடம். சார் கோவமா இருப்பாரு."

"யாரு, அவரா? ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவரும்மா. பசங்கதான் பிடிச்சு உட்கார வச்சுட்டாங்க."

"அப்ப மார்க் போடுறது?"

"பசங்கதான். வாசல்ல உங்க செருப்பப் பாருங்க."

பார்த்தாள். "ஐயோ மேடம், காணோம்!"

"அப்ப நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. பிடிக்காத டீச்சர் செருப்ப ஜோடியா, வெளிய பார்த்துத் திருப்பி வச்சிருப்பாங்க. பிடிச்சிருந்தா ஒளிச்சு வச்சுடுவாங்க!"