அம்மாவுக்கு வெட்டிய குழி

அம்மாவுக்கு வெட்டிய குழியில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்த நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். பாட்டும் பாதியில் நின்றது.

குழியில் மட்டுமில்லை. கல்லறைகளுக்கு நடுவே புல்லில் பாய் விரித்து, ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் மல்லாந்து கிடந்தார்கள். கண் மூடியிருந்தது. கை வயிற்றின் மேல் இருந்தது. விலை உயர்ந்த ஸ்வெட்டர்கள். எங்கள் ஊரில் செத்தவர்கள்கூட இவ்வளவு அழகாகப் படுத்ததில்லை.

குழி வெட்டிய மயில்சாமி டீ குடிக்கப் போயிருந்தாராம். அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார்கள்.

வெள்ளைச் சால்வை போர்த்திய ஒருவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஊருக்கு மேலே மலையில் புதிதாக வந்திருக்கும் தியான மையத்துக்காரர். மரண தியானம் நடக்கிறதாம். புத்தர் சொன்னதாம். சாவதற்கு முன்பே சாவைப் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

கடைசி மூச்சில் மனசு கலங்காமல் இருந்தால்தான் நல்ல கதி. அதனால் சாகிறவர் பக்கத்தில் யாரும் அழக்கூடாது, தொட்டுத் தூக்கக்கூடாது. உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் விட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் என் அம்மாவின் பெட்டிக்கு முன்னால் நின்று, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, தியானம் முடிகிறவரை கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அம்மா கத்திக்கொண்டுதான் செத்தாள். வயிற்றில் புற்று. வலிக்குக் கொடுத்த மாத்திரை ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கவில்லை. ஊசி போட வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். மலைப்பாதையின் வளைவுகளைத் தாங்குகிற நிலையில் அவள் இல்லை.

தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மாதாவைக் கூப்பிட்டாள். என்றோ செத்துப்போன தன் தாயைக் கூப்பிட்டாள். பெற்ற மகள் என்றும் பாராமல், காலைப் பிடித்துவிட்ட என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். தம்பி டெனிஸ் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதான். நிற்க இடமில்லாமல் சொந்தக்காரர்கள் வீட்டை அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

அப்படியானால் என் அம்மாவுக்கு நல்ல கதி கிடையாதா? அந்தச் சால்வையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

டெனிஸ் தோளில் பெட்டியோடு நின்றபடியே கத்தினான். "யோவ்! எங்கம்மாவுக்கு வெட்டுன குழிய்யா அது. வெரசா எந்திரிக்கச் சொல்லு!"

புல்லில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தார்கள். குழியில் இருந்தவள் மட்டும் எழவில்லை.

நான் விறுவிறுவென்று போனேன். பாறை தட்டியதால் குழி இடுப்பளவுதான் இருந்தது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எழத்தான் பார்க்கிறாள், முடியவில்லை. கையை ஊன்றுகிற இடமெல்லாம் மண் சரிந்தது.

வாயில் வருவதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்றுதான் குனிந்தேன். அவள் கம்பளிக் குல்லா நழுவி விழுந்தது. தலையில் ஒரு முடி இல்லை. புருவத்திலும் இல்லை. புற்றுக்கு மருந்து ஏற்றியதில் அம்மாவுக்கும் இப்படித்தான் எல்லாம் கொட்டிப்போயிருந்தது.

கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவா? ரொம்ப வலிச்சுதா அவங்களுக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அந்தப் பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை.

"கத்துனாங்க. கடைசி வரைக்கும் கத்துனாங்க. நாங்களும் கூடச் சேந்து அழுதோம். நீங்களும் வலிச்சாக் கத்துங்க. ஒங்க சனத்தையும் அழ விடுங்க. அழக்கூடாதுன்னு சொல்றதுக்கு இந்த ஆளு யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. குழியின் ஓரத்தில் முழங்காலை வைத்து, என் கையைப் பிடித்து மேலே ஏறினாள். மூச்சு வாங்கியது. முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு அழ ஆள் இல்லம்மா. அதான், அழக்கூடாதுன்னு சொல்லிக்கொடுக்கிற இடமாப் பார்த்துச் சேர்ந்தேன்."