எந்த ஃபோல்டர்

ஒக்னியான் விட்ட குத்தில் தோடோரின் முன்பல் ஒன்று தெறித்து காலை உணவான பனீட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத் தட்டில் விழுந்தது.

பல்கேரியாவின் பிளோவ்திவ் நகர அலுவலகத்தில் அவர்கள் எழுதிய மென்பொருள் மதியம் வெளியாக வேண்டும். மூன்று வகை லினக்ஸ் இயங்குதளங்களுக்கும் பொதுவாக, அதன் தற்காலிகக் கோப்புகளை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை.

"/var/run ஃபோல்டர்லதான் வைக்கணும்," என்றான் தோடோர், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "அதுதான் வழக்கம்."

"உன் வழக்கத்துல மண்ணு விழ. /run-லதான்."

"ஒரு நிமிஷம்..." என்றாள் சர்வர்களைக் கவனிக்கும் ருமியானா.

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும்.

தோடோர் கீபோர்டைத் தூக்கி ஒக்னியானின் முகத்தில் அறைந்தான். மூக்கெலும்பு முறிந்தது. கட்டிப் புரண்டு, மூச்சிரைத்து இருவரும் தரையில் சாய்ந்தார்கள்.

ருமியானா திரையைத் திருப்பினாள். /run-க்குள் ஒரு கோப்பைப் போட்டு, /var/run-ஐத் திறந்தாள். அதே கோப்பு அங்கேயும் இருந்தது.

"மூணு சிஸ்டத்துலயும் ரெண்டும் ஒரே இடம்தான். பேருதான் ரெண்டு."

"முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றான் ஒக்னியான், மூக்கைப் பிடித்தபடி.

"சொல்ல வந்தேன். சும்மா இருக்கச் சொன்னீங்க."

தட்டிலிருந்த பல்லை எடுத்துத் தாளில் மடித்து நீட்டினாள்.

"இதை எங்க வைக்கிறதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."