பேரருவிக் குளியல்

குற்றாலத்துப் பேரருவி வாசலில் எல்லோருக்கும் அருவிக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத சங்கரபாண்டிக்கு மட்டும் கொடுக்கவில்லை. மண்டையில் அருவி விழும் அடியை ஒருமுறையாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து உள்ளே போனார். சுற்றிலும் ஒரே கும்மாளம். அவர் முதுகில் வெயில் சுட்டது.

"தண்ணி எங்க, வடிவு?"

"கேலி பண்ணுதியளோ? தலைமேலல்லா கொட்டுது! யம்மா, என்னா குளிரு!" மாட்டிய கண்ணாடியோடு, பற்கள் கிட்டிக்கச் சிரித்தாள்.

அவர் பாறையைத் தடவினார். எண்ணெய்க் கையில் புழுதி அப்பியது. வடிவு இப்படிச் சிரித்து அவர் கேட்டதேயில்லை.

"ஆமா புள்ள, நல்லாத்தான் அடிக்கு" என்றார்.

அவள் குளித்து முடிக்கும்வரை அந்த வெயிலில் நடுங்கிக்கொண்டு நின்றார்.